பூட்டிய வீட்டில் அடுக்கிய சொற்கள்

காலை ஏழே முக்கால் மணி. எங்கள் வீட்டு இரட்டைக் கதவின் இடுக்கில் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு தெரியும்; தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் அந்தக் கோட்டின் நடுவே கறுப்பாக ஒரு முடிச்சு விழும். அது பூட்டு. அம்மா அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள், கதவு லேசாக அசையும், பிறகு அவளுடைய செருப்புச் சத்தம் வேனை நோக்கிப் போகும். ஐந்தாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை விடுமுறையில் என் நாள்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. மாலையில் வேன் திரும்பி வரும்வரை நானும் அக்காவும் உள்ளே இருந்தோம்.

எங்கள் ஊர் சிவகாசியை அடுத்த தாயில்பட்டிக்குப் பக்கத்தில். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் அறையில் வேலை செய்தாள். அந்த அறையைப் பற்றி அவள் சொல்லியவற்றில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அதன் கதவுகள். நாலு சுவரிலும் வாசல் உண்டு, வேலை நேரத்தில் ஒன்றையும் சாத்தக்கூடாது. உள்ளே இருக்கும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காராமல், ஆளுக்கு ஒரு வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். அந்த வாசலுக்கும் தனக்கும் நடுவே தூக்குவாளிகூட இருக்கக்கூடாது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடக்கூடாது, அவரவர் வாசல் வழியாக அவரவர் ஓட வேண்டும். அம்மாவுக்கு இது பழகிப் பழகி, கல்யாண வீட்டுப் பந்தியானாலும் டாக்டர் வீட்டு பெஞ்சானாலும் எங்களையும் அப்படியே உட்காரவைத்தாள். “போற எடத்துல மொதல்ல வாசல் எங்கன இருக்குன்னு பாரு. சத்தம் கேட்டா என்னன்னு கேக்காத, ஓடு. ஓடிட்டுக் கேளு” என்பது அவள் எங்களுக்குச் சொன்ன புத்தி.

அந்த அம்மாதான் எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனாள்.

காரணம் பக்கத்து வீடு. எங்கள் சுவரை ஒட்டிய அந்த வீட்டில் பேச்சியம்மாள் அத்தை “திருட்டு வேலை” பார்த்தாள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் பட்டாசு செய்வதற்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர். யாரோ ஒரு ஏஜெண்டு விடியற்காலையில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவான்; அத்தையும் அவளுடைய நாத்தனாரும் சரவெடி பின்னுவார்கள்; விடுமுறை வந்தால் தெருப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். அந்த வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் இருக்கும், டிவி ஓடும், மதியம் சேமியா ஐஸ் கிடைக்கும். அதற்கு முந்தின வருஷம், வேறொரு தெருவில் அதே மாதிரி ஒரு வீட்டில், பள்ளியில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் இரண்டு கைகளும் கருகிப்போயின. அவளை ஆட்டோவில் ஏற்றியவர்களில் அம்மாவும் ஒருத்தி. வீட்டைத் திறந்து போட்டால் நாங்கள் அங்கே போய்விடுவோம் என்று அம்மா நினைத்தாள். அவள் நினைத்தது சரி.

இன்னொரு காரணமும் இருந்தது. விருதுநகரில் ஒரு வியாபாரக் குடும்பம் நடத்திய பெண்கள் பள்ளியில், பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலோடு இலவசமாகச் சில இடங்கள் கொடுத்தார்கள். ஜூன் தொடக்கத்தில் நேர்காணல். ஆங்கிலத்தில் கேட்பார்கள், ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி மேனேஜர் சொல்லி அம்மாவுக்கு இது தெரிந்தது. அந்த இடம் கிடைத்தால் நான் ஊரைவிட்டு வெளியே போகலாம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தாலே தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பதினெட்டு நிறைந்து, அதே ஜூன் மாதம் அம்மாவோடு அதே வேனில் ஏறுவதற்கு அவள் பெயரைக் கம்பெனியில் கொடுத்தாயிற்று.

எனக்கு ஆங்கிலச் சொற்கள் ஓரளவு தெரியும். மதர், ஃபேக்டரி, வில்லேஜ், வொர்க்ஸ் எல்லாம் தெரியும். அவற்றை எந்த வரிசையில் நிறுத்துவது என்றுதான் தெரியாது. அக்கா தேர்வுக்குப் படித்த காலத்தில், கலைந்து கிடக்கும் சொற்களை ஒழுங்காக அடுக்கும் கேள்வியில் ஒருபோதும் மதிப்பெண் இழந்ததில்லை என்று பெருமை பேசுவாள். அதையே எங்கள் இருவருக்கும் விளையாட்டாக மாற்றினாள். சிவகாசி அச்சகத்தில் மை பிசகி ஒதுக்கிய பட்டாசு லேபிள்கள் எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் கிடக்கும், அடுப்புப் பற்றவைக்கவும் அலமாரியில் விரிக்கவும் ஆகும். ஒரு பக்கம் மயில், ரோஜா, ராக்கெட், கன்னம் சிவந்த குழந்தை. மறுபக்கம் வெறும் வெள்ளை. அக்கா அந்த வெள்ளைப் பக்கத்தில் துண்டுக்கு ஒரு சொல்லாக எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கித் தரையில் போடுவாள். யார் முதலில் வாக்கியமாக அடுக்குகிறோம் என்பது போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள், தங்கைதானே என்று ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

என் கை எப்போதும் வேலைச் சொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோனது. ‘மை மதர்’ வைத்து, ‘ஃபேக்டரி’யை வைத்து, மிஞ்சிய ‘வொர்க்ஸ்’ஸை ஓரத்தில் வைப்பேன். எங்கள் பேச்சில் ஒருத்தி என்ன செய்கிறாள் என்பது கடைசியில்தானே வரும். அக்கா ஒரு விரலால் அந்தத் துண்டைத் தரையோடு தேய்த்து இழுத்து நடுவில் கொண்டுவருவாள். சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் மூன்று கட்டம் போட்டிருந்தாள்: யாரு, என்ன செய்றாக, எங்கன. “மொதல்ல ஆளு. ஒடனே வேல. மிச்சமெல்லாம் பொறவு. வெள்ளக்காரவுகளுக்குப் பொறும கெடையாது” என்பாள். நான் தப்பாக அடுக்கிய வாக்கியத்தை அப்படியே வாசித்துக்காட்டி, “ஒன் இங்கிலீஷ் வேன்ல ஏறி வீட்டுக்கு வரதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்” என்று கேலி செய்வாள்.

மின்விசிறி போட முடியாது. போட்டால் வாக்கியம் பறந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் பக்கத்து வெயில் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குக்கூடத் தெரியும். உள்ளங்கை வேர்த்து லேபிள் துண்டுகள் கையில் ஒட்டும், பேனா மை கசிந்து ‘ஹேஸ்’ எது ‘ஹேட்’ எது என்று தெரியாமல் போகும். வீட்டுக்குப் புறவாசல் கிடையாது. பின்னால் குளிக்கும் இடத்துக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்டு மூடியிருந்தார்கள். வெளியே பார்ப்பதற்கு இருந்தது தெருப்பக்கத்து ஜன்னல் ஒன்றுதான். அதில் குறுக்குக் கம்பி இல்லாமல் நெட்டுக் கம்பிகள் மட்டும்.

மதியத்தில் அந்தக் கம்பிகளுக்கு வெளியே பேச்சியம்மாள் அத்தை வந்து நிற்பாள். அவள் விரல்களில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மினுங்கும். “என்ன வெள்ளக்காரியளா, இன்னைக்கு எந்த வார்த்தைய எங்கன குடிவச்சீக?” என்பாள். கம்பி வழியாகச் சேமியா ஐஸ் நீட்டுவாள். முதலில் கையைக் கழுவிவிட்டு வா என்று அக்கா அவளை விரட்டுவாள். அத்தையும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வருவாள். அம்மா மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஒருநாள் பூட்டைத் தொட்டுப் பார்த்து, “ஒங்கம்மைக்கு என் வீட்டப் பாத்தா அம்புட்டுப் பயம். ஆனா என் வீட்டுக் கதவு தெறந்துதான் கெடக்கு” என்றாள். அன்று மாலை அக்கா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தன் தலையை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு நுழைக்கச் சொன்னாள். காது கொஞ்சம் மடங்கியது, தலை போய்விட்டது. “சரி, தலைய எடுத்துக்கோ” என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் தரையில் இருந்த சாக்பீஸ் கட்டங்கள் அழிக்கப்பட்டு ஜன்னலை ஒட்டிப் புதிதாகப் போடப்பட்டிருந்தன. ஜன்னல் பக்கம் என் இடம், உள்பக்கம் அவளுடைய இடம்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல். தரையில் ‘வில்லேஜ்’ என்ற துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு சத்தம் கேட்டது. பெரிய, தனியான, எதிரொலி இல்லாத சத்தம். அடுத்த கணம் பக்கத்து வீட்டிலிருந்து ஆட்கள் ஓடினார்கள். பிள்ளைகள், நாத்தனார், அத்தை, யாரும் கத்தவில்லை, வெறும் கால் சத்தம்தான். அக்கா என்னை இடுப்போடு தூக்கி ஜன்னலில் செருகினாள். தலை வெளியே போனது, ஒரு தோள் போனது, மறுதோள் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் தெருவைப் பார்த்தேன். எதிர்ச்சாரியில் கும்பலாக நின்றவர்கள் எல்லோரும் பேச்சியம்மாள் அத்தையின் வீட்டைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் எங்கள் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெயின் ரோட்டில் லோடு லாரியின் டயர் வெடித்திருந்தது. அது தெரிந்த பிறகும் என்னால் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. அத்தை தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் காதிலும் தோளிலும் தடவி வெளியேயிருந்து தள்ள, அக்கா உள்ளேயிருந்து இழுத்தாள். அன்று அத்தை கேலி பேசவில்லை.

மாலையில் அம்மா வந்ததும் என் காது வீங்கியிருந்ததைப் பார்த்தாள். அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டு, “கம்பெனில கதவச் சாத்துனா ஒங்கள ஏசுவாகளா மாட்டாகளா?” என்று மட்டும் கேட்டாள். அம்மா வெகுநேரம் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “தெறந்து போட்டாலும் பயம், பூட்டுனாலும் பயம். அந்தப் புள்ளையோட கைய நான் பாத்தேன். அதான் பூட்டுறேன்.” மறுநாள் காலை வேன் வந்தது, வெளிச்சக் கோட்டில் முடிச்சு விழுந்தது. நாங்கள் உட்கார்ந்து அடுக்கத் தொடங்கினோம். அதன்பின் அக்கா போட்டி வைக்கவில்லை. நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்விகளாக அவளே யோசித்து, பதில்களை வரிசையாக அடுக்கவைத்து, துண்டுகளைக் கவிழ்த்துப்போட்டு, மயிலையும் ராக்கெட்டையும் பார்த்தே வாக்கியத்தைச் சொல்லவைத்தாள். தப்பினால் திரும்பவும் முதலிலிருந்து. அவள் பொறுமையிழந்து நான் பார்த்தது அந்த நாள்களில்தான்.

நேர்காணலுக்கு அம்மா லீவு போட்டாள். மூன்று பேரும் சிவகாசி போய் பஸ் மாறி விருதுநகர் போனோம். பள்ளி அலுவலகத்தின் வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தன. கட்டணம் கட்டிச் சேருகிறவர்களும் இலவச இடத்துக்கு வந்தவர்களும் அங்கேயே காத்திருந்தார்கள். டவுன் பிள்ளைகள் ஷூ போட்டிருந்தார்கள், அவர்களுடைய அப்பாமார் கடையிலிருந்து நேராக வந்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஷூவெல்லாம் தேவைப்படவில்லை. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சில் படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், காலுக்கு முன்னால் பை வைக்காமல்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அறைக்குள் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைமை ஆசிரியை. எனக்குப் போட்டிருந்த நாற்காலி கதவுக்கு முதுகைக் காட்டியது. வாழ்க்கையில் முதன்முறையாக வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உன் அம்மா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நூறு முறை அடுக்கிய வாக்கியம். ‘மை மதர் வொர்க்ஸ்’ என்று ஆரம்பித்தேன், வேலைச் சொல் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது கட்டடத்தின் பின்பக்கம், வண்டியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கைநழுவ விட்டார்கள்.

எனக்கு நினைவு வந்தபோது வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சுற்றிலும் பார்த்தால், அதே மரத்தடியில், எங்களுக்குப் பெயர் தெரியாத எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் நின்றார்கள். வராந்தாவில் டவுன்காரர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒருவர் கையில் பிட்ட இட்லி அப்படியே இருந்தது.

அலுவலகக் கிளார்க் வெளியே வந்து சிரித்தார். “பட்டாசு ஊர்க்காரங்க நீங்களே பீரோ விழுந்த சத்தத்துக்குப் பயந்து ஓடுனா எப்படி?” என்றார். வராந்தாவில் சிலர் சிரித்தார்கள். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “வெடிக்கிறவுகளுக்குத்தான் சார் சத்தம். செய்யிற எடத்துல சத்தமே கேக்கக்கூடாது.” கிளார்க் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. உள்ளே இருப்பவர்களிடம் கேட்டுச் சொல்வதாகவும் வரிசையில் அடுத்த பிள்ளையை அழைக்கப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் புத்தியைக் கேட்டு ஓடிய மகளை அவள் ஏச முடியாது. ஏசாமல் இருக்கவும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “வாக்கியத்த முடிச்சியா?” என்று அக்கா கேட்டாள். இல்லை என்றேன்.

இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் நாற்காலிக்குப் போகாமல் கதவோரமாக நின்றேன். தலைமை ஆசிரியை உட்காரச் சொல்லி வற்புறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஏன் ஓடினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா யோசித்து வைத்த கேள்விகளில் இது கிடையாது. இதற்கு எந்த லேபிள் துண்டும் தரையில் கிடந்ததில்லை. நான் சொன்னேன்:

“பிகாஸ் தி டோர் வாஸ் ஓப்பன், மேடம்.”

கதவு திறந்திருந்ததால் ஓடினேன். ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பிறகு என் ஊர் எங்கே இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர் என்று தமிழில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா அந்தப் பதிலை என்னிடம் திரும்பச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, முன்சீட்டின் முதுகில் விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு வைத்துப் பார்த்தாள். “சரியாத்தான் அடுக்கியிருக்க” என்றாள். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறியைப் போட்டாள். ஜன்னலோரம் கிடந்த துண்டுகள் எல்லாம் எழும்பி மூலைக்கு மூலை பறந்தன. சிலதில் மயில் மேலே வந்தது, சிலதில் சொல் மேலே வந்தது. அவள் அவற்றைப் பொறுக்கவில்லை.

இடம் கிடைத்தது. ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நான் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினேன். அதே காலையில் வேன் ஹாரன் அடித்தபோது அம்மாவோடு அக்காவும் ஏறினாள். ஹாஸ்டல் ஜன்னல்களில் நெட்டுக் கம்பியோடு குறுக்குக் கம்பியும் இருந்தது. மாலையானால் கேட்டைப் பூட்டுவார்கள். முதல் வருஷம் முழுக்க நான் வாசலைப் பார்த்துத்தான் படுத்தேன்.

இப்போது மதுரையில் ஒரு நாளிதழில் வேலை செய்கிறேன். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. வாக்கியத்தின் நடுவில் நிற்கும் வேலைச் சொல்லை எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோவதை நாள் முழுவதும் செய்கிறேன். சில வருஷங்களுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு செய்தி வந்தது. அனுமதியின்றிப் பட்டாசு செய்த வீட்டில் வெடிவிபத்து. இறந்தவர்களில் இரண்டாவது பெயர் பேச்சியம்மாள் அத்தையுடையது. அதற்குக் கீழே ஒரு வரி: ஒட்டியிருந்த வீட்டின் சுவரும் ஜன்னலும் இடிந்தன, அந்த வீடு வெளியே பூட்டப்பட்டிருந்தது.

அது எங்கள் வீடு; அப்போது அம்மாவும் அக்காவும் அக்காவின் மகளும் அங்கே குடியிருந்தார்கள். அம்மாவும் அக்காவும் வேலைக்குப் போயிருப்பார்கள், மகளுக்குப் பள்ளி விடுமுறை. அக்காவுக்குப் போன் போட்டேன், கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. செய்தியை எழுதி முடித்து அனுப்பினேன். மாலையில் வேன் வந்த பிறகு அவளே கூப்பிட்டாள்.

“பாப்பா எங்க?” என்றேன்.

“இந்தா, பக்கத்துல நிக்கா” என்றாள். பின்னால் கூட்டச் சத்தம் கேட்டது.

அத்தையின் வீடு இருந்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம் வளர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டின் இடிந்த சுவர்களைத் திரும்பக் கட்டினார்கள். ஜன்னல் வைக்கவில்லை, அந்த இடத்தில் இன்னொரு வாசல் வைத்தார்கள். நெட்டுக் கம்பிகளைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. சாக்பீஸ் கட்டங்கள் இருந்த தரை இல்லை.

அக்கா ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது, மகளை வெளியே நிறுத்திவிட்டு வீட்டைப் பூட்டுவாள். விபத்து நடந்த அன்றைக்கும் மகள் வெளியேதான் இருந்தாள், சாவி அவள் கழுத்தில் தொங்கியது.